நாடா அளப்பதும் வெள்ளம் அளப்பதும்

பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வீதியில், பள்ளிவாசல்துறை அமைந்திருக்கும் நிலம் ஒரு மணல் நாக்கு. கிழக்கே புத்தளம் களப்பு, மேற்கே கடல். இப்படியான நிலத்தில் வீடோ விடுதியோ கட்டப் போகிறவரிடம் சட்டம் முதலில் கேட்பது, நீரிலிருந்து எத்தனை மீற்றர் தள்ளி என்பதைத்தான்.

1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம் என்று வகுத்தது. கடலோடு தொடுப்புள்ள ஆறுகளையும் களப்புகளையும் முகத்துவாரத்திலிருந்து 2 கிலோமீற்றர் வரை உள்ளடக்கியது. 2011ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த நீர்நிலைகளின் ஓரமாக, பூச்சியக் கடல்மட்டத்திலிருந்து 100 மீற்றரைச் சேர்த்தது. இந்த வலயத்துக்குள் கட்டுவதற்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். நல்ல சட்டம்தான். கட்டடங்கள் கரையை முழுவதுமாக விழுங்கவிடாமல் இதுவரை காத்ததில் அதற்குப் பங்குண்டு. ஆனால் அது அளப்பது தூரத்தை. வெள்ளம் பார்ப்பது உயரத்தை.

கணக்கு எளிது. நிலம் 1000 மீற்றருக்கு ஒரு மீற்றர் மட்டுமே உயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். களப்பின் நீர்மட்டம் அரை மீற்றர் ஏறினால் தண்ணீர் 500 மீற்றர் உள்ளே வந்துவிடும். அங்கே 100 மீற்றர் எல்லைக்கு வெளியே சட்டப்படி கட்டிய வீடும் நனையும். அதே களப்பின் செங்குத்தான மேட்டில், 50 மீற்றரில் நிற்கும் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது.

களப்பின் மட்டம் ஏறுவதற்கு நம் ஊரில் மழை பெய்திருக்க வேண்டும் என்பதுமில்லை. மீ ஓயாவும் கலா ஓயாவும் உள்நாட்டுக் குளங்களின் நீரைச் சுமந்துகொண்டு இந்தக் களப்பு நீரில்தான் வந்து சேர்கின்றன. மேலே குளம் நிறைந்து வான்கதவு திறந்தால் அந்த நீருக்கும் இதுவே வழி. களப்போ ஆழமற்றது, அதன் கடல்வாய் வடக்கே இருக்கிறது. வருகிற வேகத்தில் நீரை வெளியே தள்ள அதனால் முடியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தபோது, புத்தளம் மாவட்டத்தின் ஆற்றோரங்களும் நீரில் மூழ்கின.

மணல் தரைக்கு இன்னொரு குணமும் உண்டு. மழைநீரை உறிஞ்சி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் நன்னீராகத் தேக்கி வைக்கும். கற்பிட்டியின் கிணறுகளும் தோட்டங்களும் அந்த நன்னீரால்தான் வாழ்கின்றன. தொடர்மழையில் அந்த நிலத்தடி நீரே தரைமட்டத்துக்கு ஏறிவிட்டால், வெள்ளம் காலடியிலிருந்து வரும். எந்த எல்லைக்கோடும் அதைத் தடுக்காது.

இதற்கு மக்கள் கண்ட வைத்தியம் காணியை நிரப்புவது. 10 பேர்ச் காணியை ஒரு மீற்றர் உயர்த்தினால், வெள்ளக் காலத்தில் அங்கே நின்றிருக்கக்கூடிய சுமார் 250 கன மீற்றர் நீருக்கு, அதாவது இரண்டரை இலட்சம் லீற்றருக்கு, இடமில்லாமல் போகிறது. அது பக்கத்து வளவுக்குப் போகும். மதிலும் எழுந்தால் வடிய வழியும் அடைபடும். அயலவர் நிரப்பாதவரை ஒருவருக்கு நன்மை. எல்லாரும் நிரப்பினால் எல்லாருக்கும் கேடு. தனித்தனி வீட்டு அனுமதிகளால் இதைப் பிடிக்க முடியாது என்பதே என் கவலை.

நூற்றாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்வதும் பிழை. அதன் பொருள், எந்த ஆண்டிலும் அது வர 1 சதவீத வாய்ப்பு உண்டு என்பதே. 30 ஆண்டு வீட்டுக்கடன் அடைபடுவதற்குள் ஒருமுறையாவது அது வருவதற்கான வாய்ப்பு 26 சதவீதம். நாலில் ஒன்று!

புத்தளம்வரை கால்வாய் வெட்டிய ஒல்லாந்தர், தங்கள் நாட்டில் பல நூற்றாண்டுகள் அணையை உயர்த்தியே ஆற்றைக் கட்டினார்கள். 1993, 1995 வெள்ளங்களுக்குப் பிறகு போக்கை மாற்றினார்கள். நைமேகன் நகரில் வால் ஆற்றின் அணையை 350 மீற்றர் பின்னே நகர்த்தி, வீடுகளையும் அகற்றி, ஆற்றுக்கு இடம் விட்டார்கள். அவ்வளவு செலவு நமக்கு இயலாது. ஆனால் இன்னும் கட்டாத தாழ்நிலத்தைக் கட்டாமலே விடுவதற்குச் செலவு மிகக் குறைவு.

2025 வெள்ளம் ஏறிய மட்டத்தை ஊர்மக்கள் இன்னும் கைகாட்டிச் சொல்ல முடியும். பிரதேச சபைகளும் நகர அபிவிருத்தி அதிகார சபையும் நீர்ப்பாசனத் திணைக்களமும் சேர்ந்து அந்த மட்டத்தை ஊர்தோறும் அளந்து வரைபடமாக்கி, கட்டட அனுமதிப் பத்திரத்தில் தூரத்தோடு தரையின் உயரத்தையும் கட்டாயமாக்க வேண்டும். காணி வாங்கப் போகிறவர்களே, உறுதியைப் பார்க்குமுன் அந்த ஊரின் மூத்தவரிடம் கேளுங்கள்: சென்ற வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை நின்றது?