பொம்மை ரயிலும் இரண்டு பொத்தான்களும்

எங்கள் கீழ்பென்னாத்தூர்ப் பிள்ளைகள் ரயிலைக் காண விரும்பினால் திருவண்ணாமலைக்குத்தான் போக வேண்டும். விழுப்புரத்திலிருந்து காட்பாடிக்கு அவ்வழியே செல்வது ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் ஒன்றுக்கொன்று வழிவிடுவது எங்ஙனம்? நிலையத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. பிரியும் இடத்திலுள்ள கூர்முனைத் தண்டவாளங்கள் இரண்டும் ஒருசேரச் சில அங்குலம் நகர்ந்து, சக்கரங்களை இப்பக்கமோ அப்பக்கமோ திருப்பிவிடுகின்றன. இந்த அமைப்புக்குப் ‘பாயிண்ட்’ என்று பெயர். பிரயாணிகள் அனைவருடைய உயிரும் அந்தச் சில அங்குலத்தில் அடங்கியிருக்கிறது.

இந்த விந்தையை வீட்டுக் கூடத்திலேயே பொம்மை ரயிலில் செய்து பார்க்கலாம். பொம்மைப் பாயிண்டின் அடியில் இரண்டு கம்பிச் சுருள்களும், அவற்றினூடே ஓடும் ஓர் இரும்புத் தண்டும் உண்டு. எந்தச் சுருளில் மின்சாரம் பாய்கிறதோ அது காந்தமாகித் தண்டைத் தன்பால் இழுக்கும். தண்டோடு தண்டவாளமும் நகரும். வீட்டு மின்சாரத்தை இதில் நேரே கொடுப்பது உயிருக்கே ஆபத்து. டிரான்ஸ்பார்மர் குறைத்துத் தரும் 16 வோல்ட் போதும்.

இரு சுருள்களின் ஒவ்வொரு முனையை ஒன்றுசேர்த்து டிரான்ஸ்பார்மரின் ஒரு முனையில் இணைக்க வேண்டும். எஞ்சிய இரு முனைகளும் தனித்தனிப் பொத்தான் வழியாக அதன் மறுமுனையை அடையட்டும். விளக்குக்குப் போடும் ஸ்விட்ச் இங்கே உதவாது. அது போட்டால் போட்டபடியே இருக்கும். சுருளோ கணநேர மின்சாரத்துக்கென்றே செய்யப்பட்டது. தொடர்ந்து பாய்ந்தால் சூடேறிக் கருகிவிடும். ஆகையால் வாசல் அழைப்பு மணியின் பொத்தானே உகந்தது. விரலை எடுத்ததும் இணைப்பு விலகிவிடும் அல்லவா?

அடுத்தபடியாக, பாதை எப்பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைக் காட்டப் பச்சை, சிவப்பு விளக்குகள் வேண்டும். அவற்றைப் பொத்தானோடு இணைத்துவிட்டால், அவை நம்முடைய விருப்பத்தைச் சொல்லுமேயன்றி நடந்ததைச் சொல்லா. தண்டு வழியில் சிக்கி நின்றாலும் பச்சை எரியும்! தண்டு நகரும்போது அதுவே தட்டிவிடுமாறு ஒரு சிறு ஸ்விட்சை அதன் அருகில் பொருத்தி, விளக்குகளை அதனோடு இணைப்பதே முறை.

மெய்யான ரயில்வேயிலும் தத்துவம் இதுவே. 110 வோல்ட் மோட்டார் தண்டவாளத்தை நகர்த்திப் பூட்டிய பிறகு, அது சரியாகப் படிந்ததென்று தனிக் கம்பிகள் சாட்சி சொன்னால்தான் கைகாட்டி வழிவிடும். சாட்சியே பிறழ்ந்தால் என்ன ஆகும்? 2023 ஜூன் 2-ந் தேதி ஒடிசாவின் பஹனகா பஜாரில் அந்தக் கோரம் நிகழ்ந்தது. சென்னையை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு நேர்ப்பாதைக்கான பச்சை விளக்கு எரிந்தது; பாயிண்டோ பக்கப் பாதைக்குத் திரும்பியிருந்தது. அங்கே நின்ற சரக்கு வண்டியில் எக்ஸ்பிரஸ் மோதிற்று. 290-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெட்டியிலிருந்த கம்பிகளின் பெயர்ச் சீட்டுகள் பிழையாக இருந்ததும், வருஷக்கணக்கில் அதை எவரும் கவனியாததும், பின்னர் நடந்த வேலையில் இணைப்பு மாறிப்போனதும் விசாரணையில் வெளியாயின.

ஆகவே, பொம்மை ரயில்தானே என்று அலட்சியம் செய்ய வேண்டாம். ஒவ்வொரு கம்பிக்கும் இரு முனையிலும் சீட்டுக் கட்டச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் பாயிண்டைக் கையால் இருபுறமும் தள்ளி, விளக்கு அதற்கேற்ப மாறுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். விளக்கை நம்புமுன் தண்டவாளத்தைப் பார்க்கும் பழக்கம் பத்து வயதில் படிந்துவிட்டால், பிற்காலத்தில் அப்பிள்ளையின் கைவேலையை நம்பி நாம் நிம்மதியாக உறங்கிக்கொண்டே பிரயாணம் செய்யலாம்.