உங்களுக்குத் தெரியுமா? நிலவை வீழ்த்தி மூடிய விளையாட்டு

ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம், இணையத்தின் வழியே பலரும் ஒருங்கே ஆடத்தக்க ‘ஃபைனல் ஃபேன்டசி 14’ என்னும் விளையாட்டை 2010 செப்டம்பரில் வெளியிட்டதும், அதன் மந்தகதியும் குளறுபடிகளும் தாளாமல் ஆட வந்தோர் விலகியதும், நிறுவனத் தலைவரே பகிரங்கமாக மன்னிப்புக் கோரியதும் கணினி விளையாட்டுச் சரித்திரத்தில் பிரசித்தமானவை.

அவ்வாண்டு டிசம்பரில் அவ்விளையாட்டைச் சீராக்கும் பொறுப்பை ஏற்ற நவோகி யோஷிதா கண்ட விசித்திரங்களுள் ஒன்று இது: வெறும் மலர்த்தொட்டி ஒன்றைத் திரையில் காட்டுவதற்கு, ஆடுபவரின் முழு உருவத்துக்கு வேண்டிய அளவான சுமார் 1,000 பலகோணங்கள் (கணினி உருவங்களைக் கட்டும் சிறு வடிவங்கள்) செலவிடப்பட்டிருந்தன! அலங்காரமே கணினியின் சக்தியை விழுங்கிவிட்டபடியால், ஒரே இடத்தில் பலர் கூடினால் ஆட்டம் தடுமாறிற்று.

அஸ்திவாரமே பழுதுற்ற வீட்டுக்குச் சுண்ணாம்பு பூசிப் பிரயோஜனமில்லை என்று உணர்ந்த அவர், பழைய சேவையை இயன்றவரை திருத்தி நடத்திக்கொண்டே புதியதொன்றை ஆதியிலிருந்து நிர்மாணிக்கத் தீர்மானித்தார். 2012 நவம்பர் 11 அன்று பழையது மூடப்பட்டபோது, அதையும் கதையின் அங்கமாகவே ஆக்கினர்: பல மாதங்களாக வானில் பெரிதாகி வந்த தலமுத் என்னும் செந்நிலவு பிளக்க, உள்ளிருந்து புறப்பட்ட பஹமுத் என்னும் பறவைநாகம் அந்தக் கற்பனை உலகைச் சுட்டெரித்தது.

2013 ஆகஸ்ட் 27 அன்று மறுபிறவி எடுத்த அவ்விளையாட்டு, ஜப்பானுக்கு வெளியிலும் பல நாட்டவரின் அபிமானத்தைப் பெற்று நிலைத்துவிட்டது.