நிறைக்கு விற்கலாகாத பித்தளை

தந்திச் சேவகனின் துவிச்சக்கர வண்டி ஒழுங்கைக்குள் திரும்பியதும், படலையண்டை நின்றவர் நெஞ்சம் படபடத்த காலம் ஒன்று இருந்தது. வந்த செய்தி நல்லதோ கெட்டதோ என்றறியுமுன்பே அழத் தொடங்கியோரும் உண்டு. சண்டிலிப்பாயிலும் அயலூர்களிலும் உள்ள முதியோர் இதனை மறந்திரார். ஆயினும், அத்தகைய செய்திகளை நெடுங்காலம் அனுப்பி வந்த கருவியைக் கண்டோர் மிகச் சிலரே.

அது ஒரு சிறு பித்தளை நெம்புகோல். முனையில் விரல் வைக்க ஒரு குமிழ், நடுவே அச்சு, கீழே ஒரு சுருள்வில். குமிழை அழுத்தினால் இரு முனைகள் தொட்டு மின்னோட்டம் பாயும், விட்டால் நின்றுவிடும். தந்தித் தொழிலாளர் இதனைக் ‘கீ’ என்றே அழைத்தனர். 1844 மே 24 அன்று சாமுவேல் மோர்ஸ் வாஷிங்டனிலிருந்து பால்ற்றிமோருக்குச் செய்தி அனுப்பியபோது அவருக்குத் துணைநின்ற அல்பிரட் வெயில் என்பாரே இக்கருவி உருப்பெற உழைத்தவர்.

தமிழ் மாணவர்க்கு மோர்ஸ் மொழி கடினமன்று. கண்ணிமைக்கும் நேரத்தை ஒரு மாத்திரை என வகுத்த இலக்கணம் நம்முடையது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று நாம் அளப்பதுபோல், மோர்ஸில் புள்ளிக்கு ஒன்று, கோட்டுக்கு மூன்று. எழுத்துக்களின் இடையே மூன்றும், சொற்களின் இடையே ஏழும் அளவாக மௌனம் வேண்டும்.

இலங்கையில் 1858-ஆம் ஆண்டில் கொழும்புக்கும் காலிக்குமிடையே முதல் தந்தி ஓடியது. அதற்கு முன்னர் காலியில் இறங்கிய கப்பற் செய்திகளைக் கொழும்புப் பத்திரிகையொன்று புறாக்களின் மூலம் பெற்று வந்தது! பின்னர் நம்மவர் பலர் மலாயாவுக்குச் சென்று, புகையிரத நிலைய அதிபர்களாகவும் எழுதுவினைஞர்களாகவும் கடமை புரிந்தனர். புகையிரதப் போக்குவரத்துக்குத் தந்தியே உயிர்நாடியாக இருந்த காலம் அது. ‘மலாயாப் பென்சனியர்’ வீட்டுப் பெட்டகத்தில் அத்தகைய கருவியொன்று கிடைக்குமாயின், அது வெறும் பித்தளையன்று. ஒரு குடும்பத்தின் சீவனோபாயச் சான்று.

1999-இல் கப்பல்களின் ஆபத்துச் செய்தி முறையிலிருந்து மோர்ஸ் நீங்கியது. எனினும் அமெச்சூர் வானொலியாளர் அதனைக் கைவிடவில்லை. குறைந்த மின்வலுவில், பேச்சு விளங்காத இரைச்சலிலும் அது கடல் கடந்து செல்லும். இவர்களிற் பலர் பழைய கருவிகளைத் தேடிச் சேர்க்கின்றனர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் கையாண்ட ‘ஜே-38’, புள்ளிகளைத் தானே அதிர்ந்து இடும் ‘வைப்ரோபிளெக்ஸ்’ ஆகியவை பெரிதும் விரும்பப்படுவன. இடைவிடாது தட்டித் தட்டிக் கை சோர்ந்த தந்தியாளரின் துன்பத்தைக் குறைக்கவே பின்னையது தோன்றியது.

சேர்ப்போர் முதலிற் செய்யும் தவறு, குத்துவிளக்கைப்போற் பழப்புளியிட்டுத் துலக்குவது. அதனால் மேற்பூச்சும், செய்தவர் முத்திரையும் தேய்ந்துவிடும். மென்துணியால் தூசி துடைத்து, தொடுமுனைகளுக்கிடையே வெள்ளைத் தாளொன்றை வைத்து இழுத்தாற் போதும், அரத்தாள் ஆகாது. கருவி யாருடையது, எங்கே பயன்பட்டது என்பதை உடனே எழுதிவைத்தல் அதனினும் முக்கியம். சொல்ல வல்லவர் போனபின் பித்தளை பேசாது.

பின்பு அதனைக் கண்ணாடிப் பேழையில் பூட்டிவைக்கலாமா? வைத்தால் பாதிப் பயனே. ஒவ்வொருவர் கையெழுத்தும் வேறுபடுவதுபோல் ஒவ்வொருவர் தட்டும் வேறுபடும். போர்க்காலத்தில் எதிரித் தந்தியாளரைத் தட்டைக் கேட்டே இனங்கண்டனர். வானலையில் அனுப்ப அரசின் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆனால் ஒரு மின்கலமும் சிறு ஒலிப்பானும் இணைத்து வீட்டில் பழகத் தடையில்லை.

பழைய இரும்பு, பித்தளை வாங்குவோன் படலையில் கூவும்போது, பெட்டகத்தை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். அவன் தராசுக்கு அதன் நிறை மட்டுமே தெரியும். பாட்டனார் விரல் பட்ட குமிழில் பேரப்பிள்ளையின் விரலை வைத்துப் பாருங்கள். அதன் பெறுமதி அப்போது விளங்கும்.