தாமிரபரணியைப் படம் பிடித்தவர்கள்

பொதிகை மலையில் பிறக்கிறது தாமிரபரணி. பாபநாசம், அம்பாசமுத்திரம், திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் என்று ஊர் ஊராக நடந்து, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது. வழியெல்லாம் நெல் விளைகிறது, வாழை விளைகிறது. இப்போது சினிமாவும் விளைகிறது!

முன்பும் சினிமாக்காரர்கள் இந்தப் பக்கம் வந்தது உண்டு. அருவி இருக்கிறது, பச்சை வயல் இருக்கிறது, பின்னால் நீல மலை இருக்கிறது. காமிராவுக்கு வேறு என்ன வேண்டும்? 1992-ல் வெளிவந்த ‘ரோஜா’ படத்துக்காகச் சுந்தரபாண்டியபுரத்திலும் பாணதீர்த்தம் அருவியிலும் படம் பிடித்தார்கள். ஆடினார்கள், பாடினார்கள், பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வயலில் நின்ற ஆள் யார், அவர் வீட்டில் அன்று உலை கொதித்ததா என்று காமிரா கேட்கவில்லை.

கேட்டவர்கள் பிறகு வந்தார்கள். அவர்கள் வெளியூர்க்காரர்கள் அல்ல. இந்த ஆற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள்.

1999 ஜூலை 23

மாஞ்சோலை என்பது மலைமேல் இருக்கும் தேயிலைத் தோட்டம். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-ல் 99 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பெனி எடுத்த இடம் அது. அங்கே கொழுந்து பறித்த தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டுப் போராடினார்கள். பலர் சிறைக்குப் போனார்கள். அவர்களை விடுதலை செய்யவேண்டும், கூலியை உயர்த்தவேண்டும் என்று 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் புறப்பட்டது.

கலெக்டர் ஆபீஸ் கொக்கிரகுளத்தில், ஆற்றங்கரையை ஒட்டி இருக்கிறது. அங்கே தகராறு மூண்டது. போலீசார் தடியடி நடத்தினார்கள். ஒரு பக்கம் தடி. மறு பக்கம் ஆறு. ஜனங்கள் ஆற்றில் இறங்கி ஓடினார்கள். 17 பேர் பிணமானார்கள். அவர்களில் பெண்கள் இருந்தார்கள். ஒரு கைக்குழந்தையும் இருந்தது.

தண்ணீரில் மூழ்கிச் செத்தார்கள் என்றது அரசுத் தரப்பு. அடித்து விரட்டியதால்தான் செத்தார்கள் என்றார்கள் ஊர்வலத்தில் வந்தவர்கள். விசாரணைக் கமிஷன் அமைத்தார்கள். அதன் அறிக்கை வந்த பிறகும் இந்த வழக்கு ஜனங்களின் மனத்தில் தீரவில்லை. இன்றும் ஆண்டுதோறும் அந்தத் தேதியில் ஆற்றில் பூத்தூவி அஞ்சலி செலுத்துகிறார்கள்.

அப்போது நெல்லையில் ‘காஞ்சனை’ என்ற பெயரில் ஒரு திரைப்பட இயக்கம் நடந்துவந்தது. உலகத்தின் நல்ல படங்களைத் தருவித்துப் போட்டுக் காட்டுவது அதன் வேலை. (நெல்லை மண்ணின் எழுத்தாளர் புதுமைப்பித்தனின் ஒரு கதைக்கும் ‘காஞ்சனை’ என்றே பெயர்.) அதை நடத்தியவர் ஆர். ஆர். சீனிவாசன். அடுத்த ஊர்ப் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தவர், தம் ஊரில் நடந்ததைத் தாமே படமாக எடுத்தார். படத்தின் பெயர் ‘நதியின் மரணம்’.

அது கதைப் படம் அல்ல, டாக்குமெண்டரி.

நியூஸ் ரீல் ஞாபகம் இருக்கிறதா?

டாக்குமெண்டரி என்றால் என்ன? பெரியவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அந்தக் காலத்தில் தியேட்டரில் விளக்கு அணைந்ததும் முதலில் நியூஸ் ரீல் ஓடும். மந்திரி அணைக்கட்டைத் திறப்பார். எங்கோ வெள்ளம் வந்திருக்கும். அது முடியட்டும் என்று முறுக்கு வாங்க வெளியே போனவர்களும் உண்டு! 1948-ல் மத்திய அரசு தொடங்கிய பிலிம்ஸ் டிவிஷன் என்ற இலாகா அவற்றை எடுத்து அனுப்பியது. அந்த இலாகாவை 2022-ல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைத்துவிட்டார்கள்.

டாக்குமெண்டரியில் நடிகர் இல்லை. வேஷம் இல்லை. நடந்ததை நடந்தபடி, நடந்த இடத்திலேயே, பட்டவர் வாயாலேயே சொல்வது அது. தமிழர்களுக்கு இதில் பழைய பெருமையும் உண்டு. ஏ. கே. செட்டியார் உலகம் சுற்றிப் பிலிம் சேகரித்து, மகாத்மா காந்தியைப் பற்றி 1940-லேயே ஒரு முழுப்படம் வெளியிட்டார்.

ஆனால் டாக்குமெண்டரிக்கு ஒரு குறை. தேதி உண்டு, சாட்சி உண்டு, உண்மை உண்டு, கூட்டம் இல்லை. ‘நதியின் மரணம்’ படத்தைச் சின்னச் சின்ன மன்றங்களில் போட்டுப் பார்த்தார்கள். சினிமாக் கொட்டகையில் டிக்கெட் வாங்கி உட்காரும் குடும்பங்களிடம் அது போய்ச் சேரவில்லை.

புளியங்குளத்துப் பிள்ளை

கூட்டத்தைக் கூட்டும் வித்தை கதைப் படத்துக்குத்தான் தெரியும். அந்த வித்தையோடு வந்தவர் டைரக்டர் மாரி செல்வராஜ்.

தூத்துக்குடி மாவட்டம் புளியங்குளத்தில் பிறந்தவர். திருநெல்வேலி சட்டக் கல்லூரியில் படித்தவர். சென்னைக்குப் போய் டைரக்டர் ராமிடம் பல ஆண்டுகள் உதவியாளராக இருந்தார். படம் எடுக்கும் முன்பே கதை எழுதிப் பெயர் வாங்கினார். அவருடைய சிறுகதைத் தொகுதிக்கு ‘தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்’ என்று பெயர். 1999 ஜூலையை அறிந்தவர்களுக்கு அந்தப் பெயரே போதும்.

அவருடைய முதல் படம் ‘பரியேறும் பெருமாள்’. 2018 செப்டம்பரில் வெளிவந்தது. ஏழை வீட்டுப் பையன் சட்டக் கல்லூரியில் சேருகிறான். இங்கிலீஷ் வரவில்லை, திண்டாடுகிறான். ஒரு பெண் அன்போடு சொல்லிக்கொடுக்கிறாள். அவள் வேறு சாதி. அவ்வளவுதான், அடி, உதை, அவமானம். அவன் ஆசையாக வளர்த்த கறுப்பு நாயை ரயில் தண்டவாளத்தில் கட்டிப்போட்டுக் கொல்கிறார்கள்.

இதில் பையனின் தகப்பனாராக வருகிறவர் பெண் வேஷம் கட்டி ஆடும் கூத்துக்காரர். அந்த வேஷத்தில் நடித்தவரும் கூத்துக்காரரே. நெல்லையைச் சேர்ந்த தங்கராசு. மகனுக்காகக் கல்லூரிக்கு வந்த அந்தத் தகப்பனின் வேட்டியை உருவி, நடுத்தெருவில் ஓட விடுகிறார்கள். அந்தக் காட்சியில் கொட்டகையே வாயடைத்துப்போனது. படம் வெற்றி பெற்றது. தங்கராசுவின் வறுமை மட்டும் போகவில்லை. அதைப் பத்திரிகைகள் எழுதிய பிறகுதான் அவருக்கு ஒரு வீடு கட்டித்தர ஏற்பாடு நடந்தது. 2023 பிப்ரவரியில் அவர் காலமானார்.

மாறிய வருஷம்

அடுத்து 2021 ஏப்ரலில் ‘கர்ணன்’ வந்தது. தனுஷ் கதாநாயகன். தாணு தயாரித்தார். பொடியங்குளம் என்று ஒரு கிராமம். அங்கே பஸ் நிற்பதில்லை. பிள்ளைத்தாய்ச்சி ஆனாலும், நோயாளி ஆனாலும் அடுத்த ஊருக்கு நடக்கவேண்டும். ஒருநாள் பையன்கள் பஸ்ஸை அடித்து நொறுக்குகிறார்கள். போலீஸ் ஊருக்குள் புகுகிறது.

படம் பார்த்தவர்களுக்கு உடனே கொடியங்குளம் நினைவுக்கு வந்தது. 1995 ஆகஸ்டு 31 அன்று அந்தக் கிராமத்தில் போலீசார் புகுந்து வீடுகளைச் சூறையாடியதாகப் பெரும் புகார் எழுந்தது. ஆனால் படத்தில் 1997 என்று வருஷம் போட்டிருந்தார்கள். வருஷம் மாறினால் அப்போது ஆண்ட கட்சியும் மாறிவிடுகிறதே! சர்ச்சை கிளம்பியது. பிறகு வருஷத்தை எடுத்துவிட்டு, தொண்ணூறுகளின் பிற்பகுதி என்று மாற்றினார்கள்.

கதைப் படத்தின் பலமும் பலவீனமும் இதுதான். ஊரின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றலாம், வருஷத்தை நகர்த்தலாம், செத்தவனைப் பிழைக்க வைக்கலாம். ‘நதியின் மரணம்’ படத்தில் ஒரு நாளைக்கூட நகர்த்த முடியாது. ஒன்று சாட்சி சொல்கிறது, மற்றொன்று அழ வைக்கிறது. அழுது முடித்துவிட்டு, உண்மையில் நடந்தது என்ன என்று தேடுகிறவனுக்குச் சாட்சியும் வேண்டும்.

ஒரே கம்பெனி, இரண்டு வேலை

இதைப் புரிந்துகொண்ட ஒரு படக் கம்பெனி ‘நீலம்’. ‘பரியேறும் பெருமாள்’ படத்தைத் தயாரித்தது அதுதான். டைரக்டர் பா. இரஞ்சித் தொடங்கியது. கொட்டகைக்குக் கதைப் படமும் எடுக்கிறார்கள், டாக்குமெண்டரியும் எடுக்கிறார்கள்.

ஜெயக்குமார் என்ற டைரக்டர் இதற்கு நல்ல உதாரணம். அரியானா மாநிலத்தில் மிர்ச்பூர் என்று ஒரு கிராமம். 2010-ல் அங்கே ஒடுக்கப்பட்ட மக்களின் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். நடக்க முடியாத ஒரு பெண்ணும் அவளுடைய தகப்பனாரும் வெந்து மடிந்தார்கள். அந்தக் கிராமத்தைப் பற்றி ஜெயக்குமார் நீலத்துக்காக டாக்குமெண்டரி எடுத்தார். அவரே 2024 ஜனவரியில் ‘ப்ளூ ஸ்டார்’ என்ற கதைப் படத்தைத் தந்தார். அரக்கோணம் பக்கத்துப் பையன்களின் கிரிக்கெட் பந்தயம்தான் கதை. டாக்குமெண்டரியில் தீயைப் பார்த்தவர், கதைப் படத்தில் இரண்டு தெருப் பையன்களை ஒரே டீமில் ஆட வைத்தார்!

வாழைத்தார் சுமந்த பிள்ளைகள்

மறுபடியும் ஆற்றங்கரைக்கு வருவோம். மாரி செல்வராஜ் எடுத்தவற்றில், குடும்பத்தோடு பார்த்துக் கண் கலங்கவேண்டிய படம் ‘வாழை’தான். 2024 ஆகஸ்டு 23-ல் வந்தது. தம்முடைய சொந்தக் கம்பெனியான நவ்வி ஸ்டுடியோஸ் மூலம் எடுத்தார். தம் சிறுவயது வாழ்க்கையே இது என்று அவர் சொல்லியிருக்கிறார்.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுத்தான் தாமிரபரணியின் கடைசி அணை. அந்தப் பக்கம் முழுவதும் வாழைத் தோட்டம். பழம் தின்கிற நமக்குச் சீப்புத்தான் தெரியும். தார் சுமக்கிறவனைத் தெரியாது. வயலுக்குள் லாரி போகாது. கால் புதையும் சேறு. ஓரடி அகல வரப்பு. தலையில் சும்மாடு வைத்து, அதன்மேல் தாரைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு நடக்கவேண்டும். இறக்கிவிட்டு அடுத்த தாருக்குத் திரும்பவேண்டும்.

படத்தில் வரும் சிவனைந்தன் பள்ளிக்கூடத்துப் பையன். படிப்பில் கெட்டிக்காரன். தகப்பன் இல்லை. வாரம் முழுதும் பள்ளிக்கூடம். லீவு நாள் வந்தால் தார் சுமக்கவேண்டும். அதனால் அவனுக்கு லீவு என்றாலே வயிற்றைக் கலக்குகிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் சனிக்கிழமைக்காக ஏங்குகிறார்கள். இவன் திங்கட்கிழமைக்காக ஏங்குகிறான்! சுமக்கப் போகாமல் இருக்க முடியாதா? முடியாது. தாய் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறாள்.

இதற்கு நடுவே சிரிப்பும் உண்டு. சிவனைந்தன் ரஜினி ரசிகன். தோழன் சேகர் கமல் ரசிகன். இருவருக்கும் ஓயாத சண்டை. பூங்கொடி டீச்சர் என்றால் சிவனைந்தனுக்கு உயிர். பையன்களாக நடித்த பொன்வேலும் ராகுலும் நடித்ததாகவே தெரியவில்லை. பேச்சும் அசல் நெல்லைப் பேச்சு. ‘ஏலே’ என்ற ஒரு சொல்லிலேயே கோபத்தையும் கொஞ்சலையும் காட்டிவிடுகிறார்கள்.

தாருக்கு ஒரு ரூபாய் போதாது, இரண்டு ரூபாய் கொடு என்று கேட்கிறான் கனி என்ற வாலிபன். கூலி உயருகிறது. ஆனால் கொடுத்ததை வியாபாரி வேறு வழியில் பிடிக்கிறான். ஆட்களைத் தனி வண்டியில் அனுப்பாமல், தார் ஏற்றிய லாரியின்மேலேயே உட்கார வைக்கிறான். லாரி கவிழ்கிறது. அக்காளும் போனாள், கனியும் போனான், இன்னும் எத்தனையோ பேர் போனார்கள். சிவனைந்தன் அன்று டான்ஸ் பழகுவதற்காகப் பள்ளிக்கூடம் போயிருந்தான். அதனால் பிழைத்தான். பசியோடு வீட்டுக்கு ஓடிவந்தவனுக்கு நடந்தது முழுதும் புரியவில்லை. அடுக்களையில் புகுந்து சோற்றை அள்ளி வாயில் போடுகிறான். பெற்றவள் அதைப் பார்க்கிறாள். அந்த இடத்தை எழுதிக் காட்ட முடியாது, பார்க்கத்தான் வேண்டும்.

படம் வந்ததும் ஒரு விவாதம் கிளம்பியது. இதே வாழைக்காட்டுப் பிள்ளைகளைப் பற்றித் தாம் முன்பே ‘வாழையடி’ என்று சிறுகதை எழுதியிருப்பதாக எழுத்தாளர் சோ. தர்மன் சொன்னார். மாரி செல்வராஜ் அந்தக் கதையைப் படித்துவிட்டு, எல்லோரும் அதைப் படிக்கவேண்டும் என்று கூறினார். சண்டைக்கு நின்றிருக்கலாம், நிற்கவில்லை. ஒரே துயரத்தை ஒருவர் பேனாவால் எழுதியிருக்கிறார், ஒருவர் காமிராவால் எழுதியிருக்கிறார். இதில் வியப்பு என்ன? அந்த வரப்பில் நடந்த பிள்ளைகள் ஒருவர் இருவர் அல்லவே!

மணத்தி கணேசன்

2025 தீபாவளிக்கு வந்தது ‘பைசன்’. நீலம் ஸ்டுடியோசும் அப்ளாஸ் நிறுவனமும் சேர்ந்து தயாரித்த படம். இதிலும் தாமிரபரணிக் கரைதான்; ஆனால் இது ஜெயித்தவனின் கதை.

ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்தில் மணத்தி என்ற கிராமம். அங்கிருந்து புறப்பட்ட கணேசன் என்ற வாலிபர் கபடி ஆடி, 1994-ல் ஜப்பானின் ஹிரோஷிமாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் இடம் பெற்றார். அர்ஜுனா விருதும் வாங்கினார். ஊரிலோ அப்போது சாதிச் சண்டை, அரிவாள், பழிக்குப் பழி. பையன் வெளியே போனால் முழுசாகத் திரும்புவானா என்று தகப்பன் திண்ணையில் காத்துக் கிடக்கும் காலம். அந்தத் தகப்பனாகப் பசுபதியும், ஆட்டக்காரனாகத் துருவ் விக்ரமும் நடித்திருக்கிறார்கள்.

இதிலும் பெயரை மாற்றியிருக்கிறார்கள். மணத்தி, வனத்தி ஆனது. கணேசன், கிட்டான் ஆனார். அசல் கணேசன் நம்மிடையே இருக்கிறார். அவரைக் காமிராவுக்கு முன்னால் உட்கார வைத்து, நடந்ததை நடந்தபடி கேட்டு ஒரு டாக்குமெண்டரி எடுத்தால், கிட்டானைக் கைதட்டிப் பார்த்த பிள்ளைகள் அதையும் பார்ப்பார்கள்.