கல்லாறு வந்ததும் மறையும் கோளாறு

"பர்லியாறுகிட்ட பிரேக்கே இல்லீங்ணா. மிதிச்சா பெடல் அப்படியே உள்ள போயிருச்சு." ஞாயிற்றுக்கிழமை ஊட்டி போய்வந்தவர்கள், மறுநாள் கோவைப் பட்டறைகளில் சொல்கிற புகார் இது. மெக்கானிக் மிதித்துப் பார்ப்பார். பெடல் கல் மாதிரி நிற்கும். ஆயில் கசிவு இல்லை, பேடும் தேயவில்லை. ஆனாலும் வந்தவர் சொன்னது பொய்யல்ல.

ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். மேட்டுப்பாளையம் அதைவிட ஏறத்தாழ 1,900 மீட்டர் கீழே இருக்கிறது. பைக்கும் இரண்டு பேரும் சேர்ந்து 270 கிலோ என்றால், இறங்கி முடிப்பதற்குள் 50 லட்சம் ஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். 17 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் சூடு அது. கொஞ்சத்தை எதிர்க்காற்றும் எஞ்சினும் வாங்கிக்கொள்ளும். மிச்சமெல்லாம் உள்ளங்கை அகலம்கூட இல்லாத இரண்டு பேடுகளின் வழியாக டிஸ்க்கில் இறங்குகிறது.

அங்கிருந்து சூடு, பேடுகளை அழுத்தும் காலிபருக்கும், அதனுள் இருக்கும் பிரேக் ஆயிலுக்கும் போகிறது. திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது என்பதால்தான் காலின் அழுத்தம் பேடு வரை போய்ச் சேருகிறது. புதிய டாட் 4 ஆயில் 230 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது ஈரத்தை இழுக்கும் இனம். பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் மழைக்காற்றின் ஈரம்கூட, ரப்பர் குழாயின் நுண்துளைகள் வழியே மெல்ல உள்ளே போய்விடும். நூற்றுக்கு நான்கு பங்குக்கும் குறைவான தண்ணீர் கலந்தாலே கொதிநிலை 155 டிகிரி அளவுக்கு இறங்கிவிடலாம். இறக்கம் முழுக்கப் பின் பிரேக்கில் கால் வைத்தபடியே வந்தால் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகும். மிதிக்கிற விசை அந்தக் குமிழை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகும். மலையடிவாரத்துக் கல்லாறில் வண்டியை நிறுத்தி டீ குடித்து முடிப்பதற்குள் ஆவி மறுபடி திரவமாகிவிடும். கோளாறும் மறைந்துவிடும்.

சூட்டால் வரும் இன்னொரு கோளாறு இதற்கு நேர்மாறு. பேடில் உள்ள பிசின் எரிந்து வாயு கிளம்பும். பெடல் கெட்டியாகவே இருக்கும், வண்டிதான் நிற்காது. அதனால் நல்ல மெக்கானிக் முதலில் கேட்க வேண்டியது, "பெடல் உள்ளே போச்சா, கெட்டியா இருந்துச்சா?" என்பதைத்தான். உள்ளே போயிருந்தால் ஆயிலை மாற்றி ஏர் எடுக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் பேடைக் கழற்றிப் பார்க்க வேண்டும்; கண்ணாடி போல் மினுமினுத்தால் மாற்றிவிடுவதே நல்லது.

மலை விட்டுவைக்கும் தடயம் ஒன்று டிஸ்க்கிலேயே இருக்கும். பேடு உரசும் வளையத்தின் ஓரத்தில் இளநீலமோ வைக்கோல் நிறமோ தெரிகிறதா என்று வெயிலில் சாய்த்துப் பாருங்கள். அது சாயமோ கறையோ அல்ல. சில நூறு டிகிரி சூட்டில் எஃகின் மேல் வளர்ந்த மெல்லிய ஆக்சைடு படலம். அதன் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று கலப்பதால் அந்த நிறம் பிறக்கிறது. படலத்தின் தடிமன் மாறினால் நிறமும் மாறும். எவ்வளவு சூடேறியது என்பதை உலோகமே எழுதி வைத்திருக்கிறது!

2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும், அவ்வளவுதான். கொதித்த ஆயிலை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், திம்பத்தில் 27, கொல்லிமலையில் 70. எங்கே இறங்கினாலும் இரண்டாவது கியரில் எஞ்சினை இழுக்கவிட்டு, முன் பின் பிரேக் இரண்டையும் விட்டுவிட்டுப் பிடிப்பதே வழி. கியர் இல்லாத ஸ்கூட்டரில் எஞ்சின் அவ்வளவாக இழுத்துப் பிடிக்காது. இடையிடையே நிறுத்தி ஆறவிட வேண்டும்.

ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள், நிறம் தெளிவாக இருந்தாலும்கூட. கலந்த தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. மூடி திறந்து மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த டப்பாவிலிருந்து ஊற்ற விடாதீர்கள். நடுவழியில் பெடல் உள்ளே போனால் பதறாமல் கியரைக் குறைத்து, பெடலை விட்டுவிட்டு மிதித்து, முன் பிரேக்கால் ஓரங்கட்டுங்கள். சூடான டிஸ்க்கில் மட்டும் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், கோணிக்கொள்ளும்.