உயிர்மூச்சே இதயத்தைத் தாக்குமா? சர்க்கரை நோயின் அதிரவைக்கும் ரகசியங்கள்!

உங்கள் உடம்பில் ஓடும் ரத்தம் முழுவதிலும் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது தெரியுமா? ஒரே ஒரு டீஸ்பூன்! ஆமாம், 5 லிட்டர் ரத்தத்துக்கு வெறும் 5 கிராம்! அது 10 கிராம் ஆனால் சுகர் 200! கூடுதலாக ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான். அதுவே தீராமல் தங்கிவிட்டால் இதயம்வரை ஆட்டம் காண்கிறது!

இதயம் ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் முறை துடிக்கிறது. அதற்கு அது தயாரித்துச் செலவழிக்கும் ஏடிபி என்ற எரிபொருள் எவ்வளவு தெரியுமா? நாளொன்றுக்குச் சுமார் 6 கிலோ! இதயத்தின் எடையோ 300 கிராம் சொச்சம்தான்! இந்தச் சக்தியில் பெரும்பகுதி செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில்தான் உருவாகிறது. இதயத் தசை செல்லில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இடம் அவற்றுக்கே!

சிக்கல் பிறப்பதும் அங்கேதான். சக்தி எடுக்கும்போது கொஞ்சம் ஆக்சிஜன் ஓர் எலெக்ட்ரானைக் கூடுதலாகப் பிடித்துக்கொண்டு தப்பிவிடுகிறது. பெயர் சூப்பராக்சைடு! நாம் உயிர் வாழச் சுவாசிக்கும் அதே ஆக்சிஜன், இப்போது புரதம், கொழுப்பு, டிஎன்ஏ என்று எதையும் விட்டுவைக்காது! இதை அடக்கவே ஒரு நொதி இருப்பதை 1969இல் அமெரிக்காவின் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் கண்டுபிடித்தார்கள். அந்தக் காவலையும் மீறி இப்படிப்பட்டவை பெருகிவிடும் நிலைதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம்!

சர்க்கரைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ரத்தக் குழாயின் உட்பரப்பு ஒரே ஒரு செல் தடிமன்தான். உடம்பின் பல செல்கள், ரத்தத்தில் சர்க்கரை கூடினால் உள்ளே விடும் அளவைக் குறைத்துக்கொள்ளும். இந்தச் செல்களுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை! வெளியே ஏற ஏற உள்ளேயும் ஏறுகிறது. மைட்டோகாண்ட்ரியா திணறுகிறது, சூப்பராக்சைடு கொட்டுகிறது!

இதைக் கோத்துச் சொன்னவர் யார் தெரியுமா? நியூயார்க் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியின் மைக்கேல் பிரவுன்லீ. சிறுவயதிலிருந்தே சர்க்கரை நோயோடு வாழ்ந்தவர் அவர்! சர்க்கரை செல்லைக் கெடுக்க நான்கு வெவ்வேறு வழிகள் உண்டு என்று ஆய்வாளர்கள் தனித்தனியே துருவிக்கொண்டிருந்தார்கள். நான்குக்கும் ஊற்றுக்கண் ஒன்றே, அது இந்தச் சூப்பராக்சைடுதான் என்று 2004 பேண்டிங் விருது உரையில் அவர் விளக்கினார்! எனக்கு இந்த விஷயத்திலேயே பெரிய வியப்பு இதுதான்.

ரத்தக் குழாயை விரித்துக் கொடுப்பது ஒரு வாயு என்றால் நம்புவீர்களா? நைட்ரிக் ஆக்சைடு! சில விநாடிகளே ஆயுள். அதன் வேலையைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு! சூப்பராக்சைடு முதலில் பாய்வது இதன்மேல்தான். இரண்டும் சேர்ந்து பெராக்ஸிநைட்ரைட் என்ற கொடிய பொருளாகிவிடும். இன்னும் பயங்கரம் கேளுங்கள்: நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கும் நொதியே தடம் மாறி, சூப்பராக்சைடைத் தயாரிக்க ஆரம்பித்துவிடும்! காப்பாற்ற வேண்டியதே எதிரியாகிவிடுகிறது!

கெட்ட கொழுப்பு எல்.டி.எல். சும்மா இருக்கும்வரை மேக்ரோஃபேஜ் என்ற காவல் செல்கள் அதை அவ்வளவாகத் தொடாது. ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டதா? அளவே இல்லாமல் விழுங்கித் தள்ளும்! உப்பிப்போன அந்தச் செல்கள் குழாய்ச் சுவரில் தங்கித்தான் அடைப்பு தொடங்குகிறது!

தோசை பொன்னிறமாகச் சிவக்கிறதே, அந்த வேதிவினை உங்கள் உடம்புக்குள்ளும் நடக்கிறது தெரியுமா? 1912இல் பிரான்ஸின் மயார் விவரித்த வினை அது. சர்க்கரை புரதத்தில் ஒட்டிக்கொள்ளும். ஹீமோகுளோபினில் ஒட்டியதை அளப்பதுதான் ‘மூன்று மாத சராசரி’ டெஸ்ட்! இதயத் தசையின் கொலாஜெனில் இப்படி நடந்தால் தசை விறைத்து, இதயம் விரிந்து ரத்தம் வாங்கவே சிரமப்படும்!

அடைப்பே இல்லாமல் இதயம் செயலிழக்குமா? செயலிழக்கும்! 1972இல் ரூப்ளர் குழுவினர் நான்கு சர்க்கரை நோயாளிகளிடம் அதைக் காட்டினார்கள். இரண்டே ஆண்டுகளில் வந்தது அமெரிக்காவின் ஃப்ரேமிங்காம் ஆய்வின் முடிவு. சர்க்கரை உள்ள ஆண்களுக்கு இதயச் செயலிழப்பு இரண்டு மடங்குக்கும் மேல். பெண்களுக்கு? ஐந்து மடங்கு!

மாரடைப்பு வந்தும் நெஞ்சு வலிக்காமல் போகலாம் தெரியுமா? வலியைச் சொல்லும் நரம்புகளையே சர்க்கரை கெடுத்துவிடுகிறது!

2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி! அந்த மாபெரும் கணக்கெடுப்பை ஒருங்கிணைத்தது நம் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம்!

சரி, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் வைட்டமின் மாத்திரை போட்டால் தீர்ந்ததா? அப்படித்தான் எல்லோரும் நம்பினார்கள்! ஹோப் என்ற ஆய்வில் 9,500-க்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள், அவர்களில் சர்க்கரை நோயாளிகள் ஏராளம். பாதிப் பேருக்குத் தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ, நான்கரை ஆண்டுகள். 2000இல் வந்த முடிவு? மாரடைப்பு கொஞ்சமும் குறையவில்லை! அத்தோடு விட்டதா? தொடர்ந்து கவனித்ததில், மாத்திரை சாப்பிட்டவர்களிடம் இதயச் செயலிழப்பு 13 சதவீதம் அதிகம் என்று 2005இல் தெரிந்தது! கடையில் பளபளக்கும் ‘ஆன்டிஆக்சிடன்ட்’ டப்பாக்களை வாங்கி வரும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதை அவசியம் சொல்லுங்கள்!

ரத்தக் குழாய்க்கு ஞாபகசக்தி உண்டு தெரியுமா? மனிதப் பெருந்தமனி செல்களை ஆய்வாளர்கள் 16 மணி நேரம் அதிகச் சர்க்கரையில் ஊறவைத்து, பிறகு சாதாரண நிலைக்குக் கொண்டுவந்தார்கள். ஆறு நாள் கழித்தும் மரபணுக்கள்மேல் அந்தத் தடம் அழியவில்லை! முன்கூட்டியே சூப்பராக்சைடைக் குறைத்துவிட்டால்? தடமே பதியவில்லை!

நல்லதையும் உடம்பு மறப்பதில்லை! 1983இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஓர் ஆய்வு தொடங்கியது. முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள் 1,441 பேர். ஒரு பாதியினருக்குச் சராசரியாக ஆறரை ஆண்டுகள் சர்க்கரையைக் கறாராகக் கட்டுப்படுத்தினார்கள். ஆய்வு முடிந்த பிறகு இரு தரப்பாரின் அளவும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. ஆனால் 2005இல் கணக்குப் பார்த்தால், முதலிலேயே கட்டுப்படுத்தியவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றும் சேர்த்து 57 சதவீதம் குறைவு!