இணைப்பு இயந்திரம்: யாருக்கு எதை விற்பது?

நாற்காலி செய்யும் ஆசாரி ஒருவருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் பிஸ்கட் ஜாயினர் விற்றோம். மூன்றாம் மாதமே, கால்கள் ஆடுகின்றன என்று வந்து நின்றார். இயந்திரத்தில் குறையில்லை, கேளாமல் விற்ற எங்களிடம்தான் குறை.

1950களில் சுவிட்சர்லாந்தில் ஹெர்மன் ஸ்டெய்னர் கண்ட முறை இது. 4 மி.மீ. பிளவில் செருகும் பீச் மரச் சில்லு, பசையின் ஈரத்தில் உப்பி இறுகும். பலகைகளைப் பிசகாமல் ஒட்டவும் அலமாரிப் பெட்டிக்கும் இது போதும். பாரம் தாங்கும் நாற்காலிக்கும் கதவுச் சட்டத்துக்கும் ஆழமான துளையும் கழுந்தும் வேண்டும். ஜெர்மனியின் ஃபெஸ்டூல் டாமினோ டிஎஃப் 500, 28 மி.மீ. ஆழம் வரை துளைக்கும், விலை அதிகம். அவ்வளவு முதல் போட இயலாதவருக்கு ரூட்டரும் நல்ல ஜிக்கும் கைகொடுக்கும்.

விற்கும் முன் இரண்டு துண்டுப் பலகைகளில் வெட்டிப் பொருத்திக் காட்டுங்கள். விரலால் தடவினால் மேடுபள்ளம் தட்டக் கூடாது. சில்லுப் பாக்கெட்டைப் பிரித்து வைக்காதீர்கள். மழைக்காலத்தில் உப்பினால் பிளவில் நுழையாது.

அந்த ஆசாரி பிறகு ரூட்டர் வாங்கினார், வேறு கடையில். 'என்ன செய்யப் போகிறீர்கள்?' என்று முதலில் கேட்டிருந்தால் அவர் இன்றும் எங்கள் வாடிக்கையாளர். இனியேனும் கேட்டு விற்போம்.